ஜப்பானிய ‘குட் டாக்டர்’ தொடரை அண்ணன் குடும்பத்தோடு அமர்ந்து பார்க்கலாமா?

கேள்வி: அஸ்தம்பட்டி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். ஜப்பானின் ஃபுஜி தொலைக்காட்சி 2018-ஆம் ஆண்டு ஜூலை 12 முதல் செப்டம்பர் 13 வரை வியாழக்கிழமை இரவுகளில் ஒளிபரப்பிய ‘குட் டாக்டர்’ தொடரின் பத்துப் பகுதிகளில் முதல் மூன்றை நான் ஆங்கில சப்டைட்டிலின் துணையோடு பார்த்திருக்கிறேன். தென் கொரியாவின் கே.பி.எஸ். தொலைக்காட்சி 2013-இல் இருபது பகுதிகளாகத் தந்த தொடரின் மறுஆக்கம் இது என்பதும், அதே கதையை 2017-இல் அமெரிக்கர்கள் எடுத்துக்கொண்டு 2024 வரை ஏழு பருவங்கள் நீட்டினார்கள் என்பதும் இங்குள்ள பலருக்குத் தெரிந்திருக்கும். ஆட்டிசம் உள்ள மினாதோ ஷிண்டோ என்ற இளைஞர், தம்மைச் சிறுவயதிலிருந்து அறிந்த மருத்துவமனை இயக்குநர் ஷிகாவின் பொறுப்பில், குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவில் பயிற்சி மருத்துவராகச் சேர்கிறார். அந்தப் பிரிவில் அவரை யாரும் விரும்பவில்லை என்பதிலிருந்து கதை புறப்படுகிறது.

நான் இதைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. என் அண்ணன் குடும்பம் ஏற்காட்டில், நாகலூர்ப் பக்கம், சிறிய காப்பித் தோட்டம் வைத்துப் பிழைக்கிறது. அவருடைய மகனுக்கு இப்போது பதினாறு வயது. ஆட்டிசம் இருப்பது அவனுடைய ஐந்தாவது வயதில்தான் உறுதியானது. அதற்கு முன்பு இரண்டு ஆண்டுகள், “ஆண் பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசுவார்கள்” என்று சொல்லியே ஒரு மருத்துவமனையில் எங்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பழம் பறிக்கும் பருவம் முடிந்து கொட்டை காயும் நாட்களில் அவன் களத்து ஓரத்தில் மூன்று முறங்களை வைத்துக்கொண்டு உட்காருவான். கறுத்த கொட்டை ஒரு முறத்துக்கு, உடைந்தது ஒன்றுக்கு, பூச்சி துளைத்தது மற்றொன்றுக்கு. யாராவது அவசரப்படுத்தினால் மூன்றையும் ஒன்றாகக் கொட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்குவான். மிகவும் மெதுவான வேலைதான், ஆனால் அவன் பிரித்த கொட்டையில் மறுபடி கை வைக்கத் தேவையிருக்காது.

சென்ற பொங்கலுக்கு வந்திருந்த உறவினர் ஒருவர் அமெரிக்கத் தொடரைப் பார்த்தவர். நல்ல எண்ணத்தோடுதான் அவர் அண்ணியிடம், “இந்த மாதிரிப் பிள்ளைகளுக்கு ஏதாவது ஒரு அபாரத் திறமை இருக்குமாமே, இவனுக்கு என்ன இருக்கிறது?” என்று கேட்டார். அண்ணி பதில் சொல்லாமல் முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அன்றிலிருந்து இந்தக் கதையைப் பற்றி அவர்களிடம் பேசவே எனக்குத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் ஜப்பானியத் தொடரில் நான் பார்த்த வரையில் குழந்தைகளையும் பெற்றோரையும் காட்டியிருக்கும் விதம் என் மனத்தைத் தொட்டுவிட்டது, அதை அண்ணியும் பார்க்கவேண்டும் என்று தோன்றுகிறது. இந்த மறுஆக்கமும் அதே கேள்வியைத்தான் மனிதர் மனத்தில் விதைக்கிறதா? கொரிய மூலத்தோடு ஒப்பிட்டால் இதன் பலமும் பலவீனமும் எவை? முழுவதும் பார்த்தவர்கள் தயவுசெய்து விரிவாகச் சொல்லுங்கள்.


பதில்: சூரமங்கலம் தொடர் ரசிகர்

ஐயா, கொரிய, ஜப்பானிய வடிவங்கள் இரண்டையும் முழுமையாகவும், அமெரிக்க வடிவத்தின் முதல் மூன்று பருவங்களையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஜப்பானியத் தொடரை எடைபோடுவதற்கு முன், அந்நாட்டுத் தொலைக்காட்சியின் கால அளவை நினைவில் கொள்ளவேண்டும். அங்கே ஒரு தொடர் மூன்று மாதப் பருவத்துக்குள், வாரத்துக்கு ஒன்றாகப் பத்து அல்லது பதினொரு பகுதிகளில் முடிந்துவிடும். கொரியாவில் வாரத்துக்கு இரண்டு இரவுகள், ஒவ்வொன்றும் ஒரு மணி நேர அளவில் ஓடிய கதையை, இங்கே முக்கால் மணி நேரப் பகுதிகள் பத்துக்குள் அடக்கியிருக்கிறார்கள். மூலத்தில் பாதிக்கும் குறைவான நேரம் என்றால், எதை வெட்டினார்கள் என்பதே இந்த மறுஆக்கத்தின் குணத்தைச் சொல்லிவிடும். பெரிதாக வெட்டப்பட்டது காதல். கொரிய வடிவத்தில் ஜூ வோன் நடித்த பார்க் ஷி ஓனுக்கும் மூத்த பெண் மருத்துவருக்கும் இடையே வளரும் காதல் கதையின் பெரும்பகுதியைப் பிடித்துக்கொள்ளும். ஜப்பானில் ஜூரி உவேனோ நடித்த நட்சுமி செட்டோ முதலில் ஆசானாகவும் பிறகு தோழராகவும் நிற்கிறார். அதற்கு மேல் ஏதேனும் உண்டென்றால் அது மினாதோவின் மனத்துக்குள் மெல்ல எழும் ஒரு குழப்பமாகவே விடப்படுகிறது. இதை நான் பெரிய பலமாகக் கருதுகிறேன். ஆட்டிசம் உள்ள ஒருவரை மதிப்பதற்கு அவரைக் காதலித்தே காட்டவேண்டும் என்ற நிர்ப்பந்தம் இல்லாமல், உடன் வேலை செய்பவருக்குத் தரவேண்டிய மரியாதை என்ற அளவில் நட்சுமியின் உறவு நேராக நிற்கிறது.

வெட்டாமல் வைத்துக்கொண்டது குழந்தைகள் பிரிவு. அமெரிக்கர்கள் கதையைக் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேக்குக் கொண்டுபோய், எல்லா வயதினருக்குமான பொது அறுவை சிகிச்சையாக மாற்றிவிட்டார்கள். எழுபது வயதுக்காரரும் வரலாம், விபத்தில் அடிபட்ட இளைஞரும் வரலாம் என்றால்தான் நூற்றுக்கும் மேற்பட்ட பகுதிகளுக்குக் கதை கிடைக்கும். அது அவர்களுடைய கணக்கு. ஆனால் இந்தக் கதையின் உயிர்நாடி குழந்தைகள் பிரிவில்தான் இருக்கிறது. மினாதோவின் அண்ணன் சிறுவயதிலேயே இறந்துபோனவர். எல்லாக் குழந்தைகளையும் பெரியவர்களாக வளரச் செய்யவேண்டும் என்பதே தம் ஆசை என்று மினாதோ சொல்வதற்கு அந்த மரணமே காரணம். நோயாளி எழுபது வயதுக்காரராக இருந்தால் அந்த வாக்கியத்துக்கு இடமே இல்லை. ஜப்பானியர்கள் அந்த ஒரு வாக்கியத்தைத் தொடரின் முதுகெலும்பாக நிறுத்தி, ஒவ்வொரு பகுதியையும் அதில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றைச் சொல்லவேண்டும், இதை சப்டைட்டிலில் மட்டும் பார்ப்பவர்கள் தவறவிட வாய்ப்புண்டு. ஜப்பானிய மொழியில் யாரிடம் பேசுகிறோம் என்பதைப் பொறுத்து வினைச்சொல்லின் முடிவே மாறும். நம்மிடத்தில் ‘வா’, ‘வாங்க’ என்று மாறுவதைப் போன்றது அது. கென்டோ யமசாகி நடித்த மினாதோ, இயக்குநரிடமும் செவிலியரிடமும் ஐந்து வயதுக் குழந்தையிடமும் ஒரே மரியாதை முடிவில்தான் பேசுகிறார். கட்டிலில் படுத்திருக்கும் சின்னஞ்சிறு பிள்ளையிடம், “உங்களுக்கு வயிறு எந்த இடத்தில் வலிக்கிறது?” என்று ஒருவர் கேட்பதாக எண்ணிப் பாருங்கள். மற்ற மருத்துவர்களின் காதுக்கு அது விசித்திரம், குழந்தையின் காதுக்குக் கிடைப்பதோ இதுவரை யாரும் தராத மதிப்பு. ஆங்கிலத்துக்கு வந்தவுடன் எல்லாம் ஒரே மாதிரி ஆகி, இந்த நுட்பம் காணாமல் போய்விடுகிறது. யாராவது ஒருநாள் தமிழில் குரல் கொடுத்தால் ‘நீங்கள்’ என்பதைக் கடைசிவரை விடாமல் வைத்திருக்கவேண்டும் என்று மனமார விரும்புகிறேன். தமிழால் அது முடியும்.

பலவீனத்துக்கு வருகிறேன். மருத்துவமனை அரசியல்தான் இத்தொடரின் மிக மெலிந்த பகுதி. வருமானம் தராத குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவை மூடிவிடத் துடிக்கும் நிர்வாகம், பின்னணியில் சதி செய்யும் துணை இயக்குநர் என்று கொரிய மூலத்திலிருந்து இழையை எடுத்தார்களே தவிர, அதை நெய்வதற்கு நேரம் ஒதுக்கவில்லை. கொரியத் தொடரில் அந்த மனிதர்களுக்கும் அவரவர் நியாயம் இருந்தது. இங்கே அவர்கள் கதவோரம் நின்று முகத்தைச் சுளிப்பதோடு சரி. குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சை ஏன் ஒரு மருத்துவமனைக்குச் சுமையாகிறது என்ற உண்மையான கேள்வியை எடுத்து, அதற்குப் பதிலாக ஒரு கெட்டவரைக் காட்டி முடித்துவிட்டது எனக்குப் பெரிய ஏமாற்றம். அது போலவே, ஒரு பகுதிக்கு ஒரு குழந்தை என்ற அளவில் கதை ஓடுவதால், நாம் மனத்தில் வாங்கிக்கொண்ட ஒரு தாயும் பிள்ளையும் அடுத்த வாரம் எங்கே போனார்கள் என்று தெரியாமலே போய்விடுகிறது.

உங்கள் முதல் கேள்விக்கு என்னால் நேர்மையாகச் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: ஆம், மினாதோவுக்கும் அந்த அபார நினைவாற்றல் உண்டு, உடற்கூறுப் படங்கள் அவர் மனத்திரையில் விரியும். அந்த அம்சத்தை ஜப்பானியர்கள் கைவிடவில்லை.


பதில்: கோரிமேடு, ஓய்வு பெற்ற செவிலியர்

தம்பிக்கு வணக்கம். குழந்தைகள் அறுவை சிகிச்சை வார்டில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். என் மகள் சொல்லித்தான் இந்தத் தொடரைப் பார்த்தேன். கொரிய மூலத்தைப் பார்த்ததில்லை, ஆகவே வார்டு எப்படி இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

முதலில் அவர்கள் சரியாகச் செய்தது. பிள்ளை மேசைமேல் இருக்கும்போது பெற்றோர் வெளியே எப்படி நிற்பார்கள் என்பதை இந்தத் தொடர் நிதானமாகக் காட்டுகிறது. நாங்கள் தினமும் பார்த்த காட்சி அது. அப்பா நடந்துகொண்டே இருப்பார். அம்மா பிள்ளையின் சட்டையையோ செருப்பையோ மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் இருப்பார். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதை வெறும் சடங்காகக் காட்டாமல், அந்தக் கையெழுத்துக்கு முன்னால் ஒரு குடும்பம் படுகிற பாட்டைக் காட்டுகிறார்கள். இரண்டாம் பகுதியில், பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத ஒரு பெண் குறைமாதத்தில் பெற்ற மிகச் சிறிய குழந்தைக்கு அறுவை சிகிச்சை செய்வதா வேண்டாமா என்ற போராட்டம் வருகிறதே, அதைப் பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அந்தக் காட்சியின் கனம் எல்லோருக்கும் புரியவேண்டும் என்பதற்காக ஒன்று சொல்கிறேன். மூன்று கிலோ எடையோடு பிறந்த பிள்ளையின் உடம்பில் ஓடும் இரத்தம் மொத்தமே ஏறத்தாழ 250 மில்லிதான், நம் வீட்டுக் காப்பி தம்ளர் இரண்டில் அடங்கிவிடும். ஒரு கிலோ எடையில் பிறந்த பிள்ளைக்கு அது 100 மில்லிக்குள்தான். பெரியவருக்கு ஒரு பொருட்டாகவே தோன்றாத கசிவு அந்தப் பிள்ளையின் உயிரைக் கொண்டுபோய்விடும். அதனால்தான் இரத்தத்தை ஒற்றியெடுத்த பஞ்சுத் துணியைத் தூக்கி எறியாமல் தராசில் எடைபோட்டு, எத்தனை கிராம் கூடியிருக்கிறதோ அத்தனை மில்லி போயிருக்கிறது என்று கணக்கு எழுதுவோம். அறையைச் சூடாக வைத்திருக்கவேண்டும், ஏனென்றால் அவ்வளவு சிறிய உடம்பு வயிறு திறந்த நிலையில் சில நிமிடங்களில் சில்லிட்டுப் போகும். அறுவை சிகிச்சை நிபுணரோடு மயக்க மருந்து நிபுணரும், பச்சிளங்குழந்தைப் பிரிவு மருத்துவரும், இரத்த வங்கியும், வியர்வையில் நனைந்தபடி நிற்கும் செவிலியரும் சேர்ந்தால்தான் ஒரு பிள்ளை பிழைக்கும். வருமானம் தராத பிரிவு என்று தொடரில் அந்த நிர்வாகி சொல்வதற்கு உண்மையான காரணமும் இதுதான். ஒரு சின்ன உடம்புக்கு இத்தனை பேர், இத்தனை மணி நேரம், அதன்பின் வாரக்கணக்கில் கண்காணிப்பு வேண்டும். தம்பி சூரமங்கலத்துக்காரர் எழுதியது சரி. தொடர் அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் அந்த நிர்வாகியின் வாயில் வரும் வார்த்தைக்கும் எடை கூடியிருக்கும்.

குறை என்று நான் காண்பது நோயைக் கண்டுபிடிக்கும் விதம். மினாதோ ஒரு நிமிடம் உற்றுப் பார்க்கிறார், மனத்துக்குள் படம் விரிகிறது, விடை வந்துவிடுகிறது. உண்மையில் குழந்தையின் வயிற்றை அறிய நினைவாற்றலைவிடப் பொறுமைதான் வேண்டும். குடலின் ஒரு பகுதி அடுத்த பகுதிக்குள் தொலைநோக்கியின் குழாய் போல நுழைந்துகொள்ளும் ஒரு கோளாறு உண்டு. பெரும்பாலும் ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் வரும். பிள்ளை காலை மடக்கி வீறிட்டு அழும், சற்று நேரத்தில் ஒன்றுமே நடக்காததுபோல் அடங்கிவிடும், மறுபடியும் அழும். அழும்போது வயிறு கல்லாக இறுகியிருக்கும், அப்போது எதையும் தொட்டு அறிய முடியாது. எங்கள் வார்டில் ஒரு மூத்த மருத்துவர் இருந்தார். தாயின் மடியிலேயே பிள்ளையை விட்டு, அது அழுது ஓய்ந்து கண்ணயரும் வரை பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்; பிறகு தம் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு, விரல் நுனியால் மெதுவாகத் தடவி அந்தக் கட்டியைக் கண்டுபிடிப்பார். சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கத்தியே வைக்காமல், ஆசனவாய் வழியாகக் காற்றையோ உப்பு நீரையோ செலுத்திக் குடலைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடலாம். இப்படிக் காத்திருக்கிற ஒரு மருத்துவரை இந்தத் தொடரில் காட்டியிருந்தால், அந்த மருத்துவராக மினாதோவே இருந்திருக்கலாம் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஒரே காரியத்தில் மணிக்கணக்காக மனம் ஊன்றி இருப்பது அவருக்கு இயல்பு அல்லவா? உன் அண்ணன் மகன் முறத்தின் முன் உட்கார்ந்திருப்பதை நீ எழுதியபோது எனக்கு அந்த மருத்துவர்தான் நினைவுக்கு வந்தார்.

செவிலியரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் விட மனமில்லை. ஹஷிகுச்சி என்ற ஆண் செவிலியர் இதில் வருகிறார், அன்பானவர். ஆனால் இரவு முழுவதும் பிள்ளையின் பக்கத்தில் இருப்பவர் யார் என்பதைத் தொடர் மறந்துவிடுகிறது. மருந்தின் அளவை எடைக்கு எடை கணக்கிட்டு, தசமப் புள்ளி இடம் மாறாமல் இருவர் சரிபார்த்து ஏற்றுகிற வேலையை ஒரு காட்சியிலாவது காட்டியிருக்கலாம்.


பதில்: செவ்வாய்ப்பேட்டை வாசகர்

மேலே எழுதியவர்களின் கருத்தில் ஒன்றை மட்டும் நான் மறுக்கிறேன். அபார நினைவாற்றல் இல்லாவிட்டால் இந்தக் கதைக்கு அடித்தளமே இல்லை. மருத்துவப் படிப்பை முடித்து, தேர்வெழுதி, உரிமம் பெற்று, அறுவை சிகிச்சைக்குப் பயிற்சியாளராக வருகிற எவருக்கும் சராசரிக்கு மேற்பட்ட திறமை இருந்தே ஆகவேண்டும், ஆட்டிசம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். இது ஒரு மருத்துவரின் கதை. ஆட்டிசம் உள்ள எல்லோரின் கதையும் என்று தொடர் எங்கும் உரிமை கோரவில்லை. அதன் எழுத்தாளர்கள்மீது அந்தச் சுமையை ஏற்றுவது நியாயமாகாது என்பது என் உறுதியான எண்ணம். உறவினர் கேட்ட கேள்வி தவறானதுதான், அந்தத் தாயின் வலி எனக்கும் புரிகிறது. ஆனால் அந்தத் தவறு கேட்டவருடையது.


பதில்: அம்மாபேட்டை, சிறப்பு ஆசிரியை

செவ்வாய்ப்பேட்டை ஐயாவின் வாதத்தில் பாதியை நான் ஏற்றுக்கொள்கிறேன். ஒரு கதை ஒரு மனிதரைப் பற்றியதாக இருக்கலாம். ஆனால் ஒரே வகை மனிதரைப் பற்றிய கதை கொரியாவிலும் அமெரிக்காவிலும் ஜப்பானிலும் துருக்கியிலும் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டு, ஆட்டிசம் என்றாலே மக்கள் கண்முன் அந்த ஒரு முகம்தான் வருகிறது என்றால், அதற்கு எதிராக நிற்கும் வேறு முகங்கள் நம் திரையில் எங்கே இருக்கின்றன? அப்படிப்பட்ட அபாரத் திறன் ஆட்டிசம் உள்ளவர்களில் சிறுபான்மையினருக்கு மட்டுமே உண்டு. என்னிடம் வரும் பிள்ளைகளில் பேச்சே இல்லாதவர் உண்டு, பேசுவதை அப்படியே திருப்பிச் சொல்பவர் உண்டு, மிக்சி ஓடும் சத்தத்தைத் தாங்க முடியாமல் சுவரில் தலையை மோதிக்கொள்பவர் உண்டு. இவர்களின் பெற்றோர் ஒவ்வொருவரும் அந்தக் கேள்வியை ஏதோ ஒரு திருமண வீட்டில் எதிர்கொண்டிருக்கிறார்கள்.

தொடரைக் கூர்ந்து பார்த்தால், மினாதோவை அந்த வார்டு ஏற்றுக்கொள்ளும் ஒவ்வொரு கட்டத்துக்கும் முன்னால் அவர் யாரும் செய்ய முடியாத ஒன்றைச் செய்து காட்டவேண்டியிருக்கிறது. இயக்குநர் ஷிகா அவருக்காகத் தம் பதவியையே பணயம் வைக்கிறார். மற்றப் பயிற்சி மருத்துவர்களுக்கு யாரும் பதவியைப் பணயம் வைக்கவில்லை. அவர்கள் சாதாரணமாகத் தவறு செய்து, திட்டு வாங்கி, மறுநாள் வேலைக்கு வரலாம். மினாதோவுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை. இதைத் தொடர் ஓர் அநியாயமாகக் காட்டியிருந்தால் அது இன்னும் உயர்ந்த படைப்பாகியிருக்கும். பல இடங்களில் அது அதையே வெற்றியாகக் கொண்டாடுகிறது. நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் ஆட்டிசத்தையும் சேர்த்திருக்கிறது, அரசு வேலையில் இடஒதுக்கீட்டுக்கும் வழி செய்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் விண்ணப்பிப்பவர் மேதையாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை இல்லை.

நடிப்பைப் பொறுத்தவரை யமசாகியை நான் மதிக்கிறேன். தோள் சற்று முன்னே குனிந்திருப்பது, கைவிரல்கள் ஒன்றையொன்று தேடிக்கொண்டே இருப்பது, பார்வை பேசுபவரின் முகத்துக்குப் பக்கத்தில் போய் நிற்பது ஆகியவற்றை அவர் கேலிக்கு இடம் தராமல் செய்திருக்கிறார். ஆனாலும் பத்துப் பகுதிகளிலும் அந்த உடல்மொழி ஒரே அளவில் இருக்கிறது. உண்மையில் களைப்பு, பசி, சத்தம், பழகிய முகம், பழகாத முகம் என்று ஒவ்வொன்றுக்கும் அது கூடும், குறையும். என் மாணவன் ஒருவன் காலை பத்து மணிக்கு என் கண்ணைப் பார்த்துப் பேசுவான்; மாலை நான்கு மணிக்கு மேசையின் கீழே இருப்பான்.

அப்படியிருந்தும் இந்தத் தொடரை நான் பெற்றோருக்குச் சொல்வதற்குக் காரணம், நவோஹிதோ ஃபுஜிகி நடித்த மூத்த மருத்துவர் தகயாமா. மினாதோவை அறுவை அரங்குக்குள் விடவே கூடாது என்று முதலிலிருந்து எதிர்ப்பவர் அவர்தான். பார்ப்பவர்கள் அவரைக் கல்நெஞ்சர் என்றே எண்ணுவார்கள். (இனி வருவது கதையை வெளிப்படுத்தும், விரும்பாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடவும்.) அவருக்கும் மினாதோவைப் போன்ற ஒரு தம்பி இருந்து, இறந்துபோயிருக்கிறார். ‘உன்னால் முடியும்’ என்று சொல்லி வெளியுலகத்துக்கு அனுப்பினால் அந்த உலகம் என்ன செய்யும் என்பதை அறிந்த மனிதரின் எதிர்ப்பு அது. பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்ப மறுக்கும் தந்தையரிடம் நான் பல ஆண்டுகளாக வாதாடியிருக்கிறேன். அவர்கள் முகத்தில் இருந்ததும் இதே பயம்தான் என்பது தகயாமாவைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது. கொரிய மூலத்திலும் இந்த இழை உண்டு. ஆனால் காதல் போட்டியின் சுமை இல்லாததால் ஜப்பானிய வடிவத்தில் அது தெளிவாகத் துலங்குகிறது.

உங்கள் அண்ணியாரோடு தாராளமாகப் பாருங்கள். ஒரே வேண்டுகோள், பையன் பக்கத்தில் இருந்தால் சத்தத்தைக் குறைத்துவையுங்கள். ஆம்புலன்ஸ் ஒலியும் கருவிகளின் ஒலியும் இத்தொடரில் அதிகம்.


கேட்டவர்: அஸ்தம்பட்டி வாசகர்

பதில் எழுதிய நால்வருக்கும் என் மனமார்ந்த நன்றி. கோரிமேட்டு அம்மாவின் பதிலை அச்செடுத்து வைத்திருக்கிறேன்.

சென்ற ஞாயிறு காலை முதல் பேருந்தில் ஏற்காடு போய், அங்கிருந்து நாகலூர் சேர்ந்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் என் மடிக்கணினியை வைத்து முதல் இரண்டு பகுதிகளை அண்ணனும் அண்ணியும் நானும் பார்த்தோம். அம்மாபேட்டை ஆசிரியை அம்மா எச்சரித்தும் நான் கவனக்குறைவாக இருந்துவிட்டேன். முதல் ஆம்புலன்ஸ் ஒலிக்கே பையன் காதைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிட்டான். அதன்பிறகு ஒலியை முழுவதும் நிறுத்திவிட்டு, கீழே வரும் வரிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். மினாதோ குழந்தைகளிடம் பேசும் இடங்களில் எல்லாம் ‘நீங்கள்’ என்றே சொன்னேன். இரண்டாம் தடவை அப்படிச் சொன்னபோதே அண்ணி, “பிள்ளையைப் போய் நீங்கள் என்கிறாரா?” என்று கேட்டு, ஆமாம் என்றதும் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாம் பகுதி பாதியில் இருக்கும்போது பையன் திரும்பி வந்து, திரைக்கு முதுகு காட்டியபடி எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தான். தொடரில் அவனுக்கு எந்த ஈடுபாடும் இல்லை. ஆனால் எழுந்து போகவும் இல்லை.

அந்த நினைவாற்றல் காட்சிகளைப் பற்றி அண்ணி என்ன நினைப்பாரோ என்று நான் பயந்துகொண்டிருந்தேன். அவர் அவற்றைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. “படித்த பிள்ளை, தெரிந்திருக்கிறது” என்று சொல்லிவிட்டார். அவர் கவனமெல்லாம் தகயாமா வரும் காட்சிகளில்தான் இருந்தது. அந்த மருத்துவர் மினாதோவை அதட்டிய இடத்தில் அண்ணனுக்குக் கோபம் வந்து, இவரெல்லாம் ஒரு டாக்டரா என்றார். அண்ணி தலையை ஆட்டி, “அவரைக் குறை சொல்லாதீர்கள். அவர் வீட்டிலும் யாரோ இப்படி இருந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் மனிதர் இவ்வளவு பயப்படமாட்டார்” என்றார்.

தகயாமாவின் தம்பியைப் பற்றி நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. வரும் ஞாயிறும் போகிறேன். மூன்றாம் பகுதியிலிருந்து தொடரவேண்டும்.